மறு: 'ஜூவல் ஆர்க்கிட்': நகையா, மணியா, இழையா?

அன்புள்ள குழுவினருக்கு,

'ஜூவல் ஆர்க்கிட்' செடிகளுக்கும் அவற்றை வளர்க்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் தமிழ்ப் பெயர் தேடுகிறோம் அல்லவா, அதற்கு வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> நகை ஆர்க்கிட் என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா. ஆனால் நகை என்றால் சிரிப்பும்தானே? முதல் தடவை படித்தபோது ஏதோ சிரிக்கிற பூ என்றுதான் எனக்குப் பட்டது. 'மணி ஆர்க்கிட்' என்றால் மணி வடிவப் பூ என்பார்கள். இரண்டிலும் கவனம் பூவுக்குப் போய்விடுகிறது. மற்ற ஆர்க்கிட்டுகளைப் பூவுக்காக வளர்க்கிறோம், இதை இலைக்காக. பூக்காம்பு தலைகாட்டினால் செடி இளைத்துவிடும் என்று கிள்ளிப் போடுகிறவர்களே உண்டு.

என்னிடம் மாகோடெஸ் பெட்டோலா என்ற ஜூவல் ஆர்க்கிட் ஒன்று இருக்கிறது. கரும்பச்சை வெல்வெட் இலை. நீளவாக்கில் சில நரம்புகள், அவற்றுக்கு நடுவே வலை பின்னினாற்போல் சின்னச் சின்ன நரம்புகள். பகலில் வெறும் மஞ்சள் கோடு. ராத்திரி செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அத்தனையும் ஜரிகை! புடவைக் கடையில் முந்தானையை விளக்கடியில் இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவார்களே, அதே மினுக்கம். அப்போதுதான் 'இழை' என்ற சொல் நாக்கில் வந்தது.

இழை என்றால் நூல். பழந்தமிழில் அணிகலனும் அதுவே: ஆயிழை, நேரிழை, சேயிழை. ஆங்கிலக்காரர் சொல்லும் நகையும் இலைமேல் ஓடும் கோடும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. எனவே என் பரிந்துரை 'இழையிலை ஆர்க்கிட்'. மாகோடெஸுக்குப் 'பொன்னிழை'. கருஞ்சிவப்பு இலையில் செம்புக்கோடு ஓடும் லுடிசியா டிஸ்கலருக்குச் 'சேயிழை'. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் இன்னொரு ஜூவல் ஆர்க்கிட்டான அனெக்டோசைலஸ் எலேட்டஸுக்கு மட்டும் நான் பெயர் வைக்க மாட்டேன். அந்தக் காட்டோரம் வாழ்கிறவர்களைக் கேட்காமல் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு பெயர் சூட்டுவது அழகில்லை.

'ஆர்க்கிட்' அப்படியே இருக்கட்டும். கிழங்கின் உருவத்தைப் பார்த்து ஆணின் விரைக்கு உரிய சொல்லையே கிரேக்கர் இதற்கு வைத்தார்கள். அதை மொழிபெயர்க்கக் கிளம்பினால் குழுவில் பாதிப்பேர் வெளியேறிவிடுவார்கள்.

> டெர்ரேரியம் = கண்ணாடித் தொட்டி

இதில் எனக்கு உடன்பாடில்லை. தொட்டி திறந்தது. டெர்ரேரியம் செடியை உள்ளே வைத்து மூடி வளர்க்கும் கண்ணாடிப் பெட்டி, இதற்கு உயிரே மூடிதான். 1829 வாக்கில் லண்டன் மருத்துவர் நத்தேனியல் பேக்ஷா வார்டு ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் போட்டு மூடிவைத்தார். அந்துப்பூச்சி வரும் என்று காத்திருந்தவருக்கு மண்ணிலிருந்து பெரணி முளைத்தது. செடி விடும் ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்குகிறது என்று கண்டு பெட்டிகள் செய்தார். 1833-இல் அவற்றில் செடிகள் கப்பலேறி சிட்னிவரை போயின. ஆக, மூடி என்ற பொருள் சொல்லிலேயே இருக்க வேண்டும். 'செடிப்பேழை' எப்படி? சின்ன ஜாடி என்றால் 'செடிச்சிமிழ்'. குங்குமச் சிமிழ் தெரியாத வீடு உண்டா?

மூடியின் மகிமையைப் பாடும் நானே அதனால் ஒரு செடியை இழந்தவன். போன மே மாதம் பழைய மீன்தொட்டியை இறுக மூடி, கிழக்கு ஜன்னலோரம் விட்டுவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது தண்டு கீரைத்தண்டு மாதிரி வெந்து, தொட்டதும் குழைந்தது. வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது.

*

அண்ணா, 'சேயிழை' நல்ல வடிவான பெயர். ஆனால் 'இழையிலை' இலங்கையில் எங்களுக்குச் சிக்கல். நீங்கள் திசு என்பதை இலங்கைப் பாடநூலில் இழையம் என்போம். திசு வளர்ப்பு எங்கட பிள்ளைகளுக்கு இழைய வளர்ப்பு. இந்தச் செடிகளும் இழைய வளர்ப்புப் போத்தல்களில் விற்பனைக்கு வருகிறவைதானே? 'இழையிலை' என்று எழுதினால் ஆய்கூடத்தில் வளர்த்தது என்றே விளங்கிக்கொள்வினம்.

இது சொற்சண்டை மட்டும் இல்லை. இங்கத்தைய ஈரக்காட்டு அனெக்டோசைலஸைச் சிங்களத்தில் வனராஜா என்பினம். அதைக் காட்டில் பிடுங்குவது குற்றம். ஆய்கூடச் செடி எது, காட்டில் பிடுங்கினது எது என்ற வேறுபாடு பெயரால் மங்கக் கூடாது.

பேழையும் வேண்டாம். உங்கட பத்திரிகைகளில் தலைவர்களைச் சந்தனப் பேழையில்தானே அடக்கம் செய்கிறீர்கள்!

*

அக்கா, இழையம் என் புத்திக்கு எட்டவேயில்லை. ஆய்வகச் செடி, காட்டுச் செடி என்று நீங்கள் சொன்ன பிறகு பிடிவாதம் பிடிக்க வழியில்லை. மொத்தக் கூட்டத்துக்கும் 'அணியிலை ஆர்க்கிட்' என்று வைப்போம். பொன்னிழையும் சேயிழையும் தனிச்செடிப் பெயர்களாக இருக்கட்டும். அவற்றில் நிறம் முன்னால் நிற்பதால் இழையத்தோடு குழம்பாது. 'இழையிலை'யை விட மனமில்லைதான். ஆனால் நேற்று என் மனைவி அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இழை இலை என்றால் நகை இல்லை என்றுதானே அர்த்தம்? சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறீர்கள்" என்றாள்.

பேழையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நூலும் ஓலையும் நகையும் வைத்த பேழை அது. சவத்துக்கு வந்தது நேற்று. வேறு யாருக்கும் உறுத்துகிறதா என்று சொல்லுங்கள். இரண்டடிப் பெட்டியைச் சிமிழ் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.