புதுப்பிப்பு: 16 மிமீ கார்பன் குழாய் ஒருவழியாக கிளாம்ப்பில் ஏறியது

ட்ரோன் கைக்காக வீட்டில் சுற்றிய கார்பன் ஃபைபர் குழாய் ஒரு முனையில் 16.1, மறுமுனையில் 16.4 மிமீ வந்து, 16 மிமீ கிளாம்ப்பில் ஏறவில்லை என்று புலம்பியிருந்தேனே, அது சரியாகிவிட்டது.

கார்பன் துணியைச் சுற்றுவது 14 மிமீ அலுமினியக் கம்பியின் மேல், அதனால் உள்விட்டத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். வெளிவிட்டம் துணி, எப்பாக்ஸி என்ற இறுகும் பிசின், மேலே சுற்றும் ஷ்ரிங்க் டேப்பை (சூட்டில் சுருங்கி அழுத்தும் நாடா) இழுக்கும் கை மூன்றையும் பொறுத்தது. நான் அதை டேப்பை நம்பி விட்டிருந்தேன். இந்த முறை கார்பனை 15.8-லேயே நிறுத்தி, மேலே மெல்லிய கண்ணாடி இழைத் துணி சுற்றி 16.3 வரை ஏற்றினேன். இறுகியபின் டேப் விட்ட வரிவரியான தழும்பை 240, அப்புறம் 400 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். தேய்வது கண்ணாடிதான், கார்பன் இழை அறுபடவில்லை. பத்து தேய்ப்புக்கு ஒரு தடவை காலிப்பரால் விட்டத்தை அளந்தேன். இப்போது 15.96 முதல் 16.02.

கம்பியை உருவுவதுதான் பயமாக இருந்தது. 80 டிகிரியில் இறுகியதை ராத்திரி ஃப்ரீசரில் வைத்தேன். மைனஸ் 18-ல் கம்பி 0.03 மிமீ சுருங்கும், கார்பன் அவ்வளவு சுருங்காது. மெழுகும் பூசியிருந்ததால் காலையில் ஒரே தட்டு, ‘டக்’ என்று கழன்றது. மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்ததற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கணக்கு.