காட்டுக் கனிப்புதர்கள்: பன்மய வரைபடத்தை வைத்து விதை சேகரிக்கும் இடத்தைத் தேர்வது எப்படி?

கேள்வி
வணக்கம். களா, சூரை, காரை உட்பட ஒன்பது காட்டுக் கனிப்புதர் இனங்களின் விதைகளை விதை வங்கிக்காகச் சேகரிக்கப் போகிறோம். ஹெர்பேரியம் தாள்கள் (உலர்த்தி ஒட்டிய செடி மாதிரிகள்), ஜிபிஃப் (உலக உயிரினப் பதிவுகளின் இணையத் தொகுப்பு) தரவு, களக்குறிப்புகள் சேர்த்து 1,200 பதிவுகள் உள்ளன. டிவா-ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 10 கி.மீ. கட்டம் போட்டு இன எண்ணிக்கையை வரைந்தால், இனம் அதிகமென்று சிவப்பாக வரும் கட்டங்கள் பெரும்பாலும் சாலையை ஒட்டியே விழுகின்றன. போக முடிவது 12 இடங்களுக்குத்தான். இனம் அதிகமுள்ள 12 கட்டங்களையே எடுத்துக்கொள்ளலாமா? ஓரிடத்தில் எத்தனை செடிகளில் பறிப்பது?

பதில் 1
வேண்டாம். அந்தச் சிவப்பு பெரும்பாலும் ஆட்கள் போய்வந்த தடம். செடிகளின் வளம் அல்ல.

முதலில் பதிவுகளைச் சலியுங்கள். பழைய தாள்களில் அட்சரேகை 10 பாகை 45 கலை (60 கலை ஒரு பாகை) என்றிருப்பதை 10.45 என்று தட்டிவிடுவார்கள், சரியானது 10.75. வடக்கு தெற்காக 33 கி.மீ. தள்ளிப்போய்விடும், உங்கள் கணக்கில் மூன்று கட்டம்! ஒரே சேகரிப்பு எண்ணுள்ள தாள் பல ஹெர்பேரியங்களில் இருந்தால் ஒன்றாகவே எண்ணுங்கள். வேலியில் நட்டு வளர்த்தவற்றை நீக்குங்கள்.

பிறகு முயற்சியைச் சமப்படுத்த வேண்டும். 60 பதிவில் 7 இனம் காட்டும் கட்டத்தைவிட, 10 பதிவிலேயே 6 இனம் காட்டும் கட்டம் வளமானதாக இருக்கக்கூடும். ஒவ்வொன்றிலிருந்தும் குலுக்கலில் 10 பதிவு எடுத்தால் எத்தனை இனம் வரும் என்று ஒப்பிடுங்கள். பத்துக்குக் குறைவாக உள்ளவை ‘தெரியாத’ கட்டங்கள். அவற்றைச் சுழியம் என்று நிறமிடாதீர்கள்.

தேர்வில் முதலிடம் இனம் அதிகமுள்ள கட்டத்துக்கு. அடுத்தது, முதலாவதில் இல்லாத இனங்களை அதிகம் தருவது. இப்படியே போனால் ஒன்பது இனமும் பெரும்பாலும் நாலைந்து கட்டத்திலேயே அடங்கிவிடும். மீதி இடங்களை இன எண்ணிக்கைக்காகச் செலவிடாதீர்கள். ஒரே இனத்துக்குள் வறட்சி தாங்குவது, குளிர் தாங்குவது என்ற வேறுபாடுதான் வங்கிக்குத் தேவை. வேர்ல்டுகிளிம் என்ற உலகக் காலநிலைத் தரவில் (30 விகலைத் துல்லியம், சுமார் 1 கி.மீ.) ஆண்டு மழை, வறண்ட பருவ வெப்பம் இரண்டையும் எடுத்து, உயரமும் மண்ணின் பிஎச்சும் (அமில, கார அளவு) சேர்த்து நிலத்தை ஐந்தாறு வகுப்பாகப் பிரியுங்கள். இதுவரை யாரும் பறிக்காத வகுப்புக்கு முன்னுரிமை.

பதில் 2
மேலே சொன்னதோடு ஒன்று: வங்கியில் ஏற்கெனவே உள்ள மாதிரிகளின் இடங்களைச் சுற்றி 50 கி.மீ. வட்டம் போடுங்கள். அந்த இனம் வளர்ந்தும் வட்டத்துக்கு வெளியே விழும் பகுதிதான் இன்னும் சேகரிக்காத இடைவெளி.

செடி எண்ணிக்கைக்கு: 5 சதவீதத்துக்கு மேல் காணப்படும் அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) ஒன்று 95 சதவீத உறுதியோடு கிடைக்க 59 கேமீட்டுகள் (பாலணுக்கள்) போதும் என்பது மார்ஷலும் பிரவுனும் 1975இல் போட்ட கணக்கு. அயல்மகரந்தச் சேர்க்கை உள்ள இனத்தில், செடிக்கு இரண்டு கேமீட்டு என்ற கணக்கில், இது 30 செடி. சில செடிகளில் விதை பதராக இருக்கும் என்பதால் 50 வைத்துக்கொள்ளுங்கள். வேர்க்கன்று விடும் புதரில் கவனம்: பார்வைக்கு இருபது புதர், மரபளவில் ஒன்றே ஒன்றாக இருக்கலாம். ஒரே புதர்க்கூட்டத்தில் இரண்டாவது முறை பறிக்காதீர்கள்.

செடிக்குச் செடி ஏறத்தாழ ஒரே அளவு எடுங்கள். அன்று பழுத்திருப்பதில் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பறவைக்கும் அடுத்த தலைமுறைக்கும் மிச்சம் வேண்டும். பறிக்கும் முன் 10–20 விதையை வெட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் வெற்றாகவோ புழுவாகவோ இருந்தால் அந்த இடத்துக்குச் செடி எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. பழத்தோடு கொண்டுவரலாமா? பட்டியலில் நாவல் பேரினப் புதர் ஒன்றும் இருக்கிறது.

பதில் 3
பழத்தோடு வரலாம், ஆனால் பாலித்தீன் பையைக் கட்டிவைக்காதீர்கள். புளித்துச் சூடேறி விதை செத்துவிடும். காற்றுப் புகும் துணிப்பையில், நிழலில், மெல்லிய அடுக்காக வைத்து, சீக்கிரமே சதையைக் கழுவி எடுங்கள்.

சூரை, இலந்தை வகை விதை உலர்த்தலைத் தாங்கும்: 5–20 பாகை செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 10–25 சதவீதம் உள்ள இடத்தில் உலர்த்தி, −18 பாகையில் வைக்கலாம். நாவல் விதை உலர்ந்தால் முளைக்காது. அதற்குக் குளிர்க்கிடங்கு பயன்படாது. ஈரத்தோடு கொண்டுவந்து உடனே நாற்றாக்கி, வயல் மரபுவளத் தோட்டத்தில் (உயிர்ச்செடியாகவே வளர்த்துக் காக்கும் இடம்) நட வேண்டும். ஆகவே அந்த இனம் உள்ள கட்டத்தைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளி வையுங்கள்.