உப்புத்தாள் மாதிரித் திட்டு: என் ட்ரெட்டினாயின் க்ரீமை அவருக்குப் போடலாமா?

பிரிஸ்பேன்_மருமகள்:
கணவர் குவீன்ஸ்லாந்துக்காரர், வெள்ளைத் தோல், வயது 54. கரும்புத் தோட்டத்தில் சட்டையில்லாமல் திரிந்து வளர்ந்தவர். நெற்றியிலும் வழுக்கையிலும் திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரியும், அப்படி ஒரு சொரசொரப்பு. டாக்டர் ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்றார். விட்டுவைத்தால் சிலது புற்றுநோயாகலாமாம். ஏழெட்டைக் கடுங்குளிரான திரவ நைட்ரஜன் அடித்து உறையவைத்துப் பொசுக்கிவிட்டார். நான் பருவுக்கு வாங்கிய ட்ரெட்டினாயின் பாதி ட்யூப் கிடக்கிறது. வெயிலில் கெட்ட தோலை அது சரிசெய்யும் என்கிறார்களே, மிச்சத்துக்கு அதையே தடவினால் என்ன?

வெள்ளைக்காக்கா_திருச்சி:
தங்கச்சி, நான் பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவன். பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர்தான் மேலே இருப்பது. இந்தத் திட்டு முப்பது வயதிலேயே மூக்கிலும் காது மடலிலும் வந்துவிட்டது. ட்ரெட்டினாயின் ஒரு வருடம் போட்டேன். முதல் மாதம் தோல் உரிந்தது, அப்புறம் முகம் வழவழவென்று ஆனது. காதில் இருந்த திட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அதைப் போக்கியது, கெட்ட செல்களைக் கொல்லும் ஃப்ளூரோயுராசில் க்ரீம். இரண்டாவது வாரம் காது சிவந்து பொருக்குத் தட்டி, “அடுப்புல விழுந்தியாடா” என்று அம்மா அழுதார். நாலு வாரத்தில் நிறுத்தினேன், ஆறியதும் மடல் மெத்தென்று இருந்தது. எரிச்சலைப் பார்த்துப் பாதியில் விட்டுவிடக் கூடாது.

மாத்திரை_எண்ணுபவள்:
மருந்தாளுநராகச் சொல்கிறேன். அண்ணன் அனுபவம் ஆய்வோடு ஒத்துப்போகிறது. அமெரிக்காவில் 1,131 முன்னாள் ராணுவத்தினரிடம் 0.1 சதவீத ட்ரெட்டினாயினை முகத்திலும் காதிலும் ஆண்டுக்கணக்கில் போடவைத்துப் பார்த்தார்கள். புதுப் புற்றும் குறையவில்லை, திட்டும் குறையவில்லை. 2012இல் வெளிவந்த முடிவு இது.

ட்ரெட்டினாயினின் இனமான ரெட்டினாய்டு மருந்துகளில் மாத்திரை வேறு கதை. சிறுநீரகம் மாற்றி வைத்தவர்களுக்குத் தோல் புற்று அடுக்கடுக்காக வரும்போது அசிட்ரெடின் என்ற அந்த மாத்திரையைக் கொடுப்பதுண்டு, குறையும். நிறுத்தினால் திரும்பிவிடும். ரத்தக் கொழுப்பையும் கல்லீரலையும் பரிசோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கர்ப்பத்தில் கருவைக் கெடுக்கும் மருந்து. கருத்தரிக்கக்கூடிய பெண்ணுக்கு அதை எளிதில் எழுத மாட்டார்கள், நிறுத்தி மூன்று வருடம் வரை கரு உண்டாகக் கூடாது. நாலு திட்டுக்கு அது தேவையில்லை.

உங்கள் குவீன்ஸ்லாந்திலேயே நம்பூர் என்ற ஊர் இருக்கிறதே? அங்கே 1992இல் தொடங்கி, ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பேரில் பாதிப்பேரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். அந்தப் பாதியில், இந்தத் திட்டு முற்றினால் வரும் ஸ்குவாமஸ் என்ற தோல் புற்று ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ட்யூபை விட அதுதான் காசுக்கு மதிப்பு.

பிரிஸ்பேன்_மருமகள்:
சரி, ட்யூப் என் பருவுக்கே. அடுத்த வாரம் டாக்டரிடம் ஃப்ளூரோயுராசில் கேட்கிறேன். தொப்பி போடுகிறேன் என்று மனிதர் சத்தியம் செய்திருக்கிறார்.

வெள்ளைக்காக்கா_திருச்சி:
எந்தத் தொப்பி என்று கேள். கிரிக்கெட் தொப்பி காதை மூடாது, சுற்றிலும் விளிம்பு வேண்டும். ஏதாவது திட்டு தடித்து வலித்தாலோ ரத்தம் கசிந்தாலோ க்ரீமை நம்பி உட்காராமல் உடனே காட்டச் சொல். எனக்கு மூக்கில் ஒன்றை வெட்டியெடுத்தது அப்படித் தள்ளிப்போட்டதால்தான்.