டாக்டர் உங்ககிட்ட உள்ளத உள்ளபடி சொன்னாரா? அனுபவம் சொல்லுங்க

நிலா88:
அப்பாவோட பயாப்ஸி ரிசல்ட் வந்தப்ப டாக்டர் என்னை மட்டும் வெளிய கூப்பிட்டு கேன்சர்னு சொன்னாரு, "பெரியவர்கிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டாரு"ன்னு அவரே முடிவும் பண்ணிட்டு உள்ள போய் அப்பாகிட்ட சின்ன கட்டிதான்னுட்டாரு. கீமோவுக்கு ஃபார்ம் நீட்டுனாங்க, அப்பாவும் கையெழுத்து போட்டுட்டாரு. முடி கொட்டுனதும் அப்பா கேட்டது ஒன்னே ஒன்னுதான், "அப்போ நான் எதுக்குடா கையெழுத்து போட்டேன்?" பதில் சொல்ல வாயே வரல.

சும்மாவந்தேன்:
எனக்கு நேர்மாறு. கால் மரத்துப் போகுதுன்னு அலைஞ்சேன், ஒருத்தர் டென்ஷன்னாரு, இன்னொருத்தர் நரம்பு வீக்னஸ்னாரு, எல்லாருமே அடிச்சு சொன்னாங்க. கடைசியா பாத்தவரு ஸ்கேன் எல்லாம் புரட்டிட்டு, "என்னன்னு எனக்கு இப்போ தெரியல. ஸ்ட்ரோக் இல்ல, கட்டி இல்ல, அது வரைக்கும் தெரியுது, இன்னின்ன வந்தா உடனே வாங்க"ன்னு பேப்பர்ல எழுதியே குடுத்தாரு. தெரியலன்னு சொன்னவரைத்தான் நம்பத் தோணுச்சு.

பழையநர்ஸ்:
நிலா, ஒரு காலத்துல இதுதான் வழக்கமே. 1961ல சிகாகோல 219 டாக்டருங்ககிட்ட கேட்டதுல கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது பேர் கேன்சர்னா பேஷன்ட்கிட்ட சொல்றதில்லன்னாங்க, 1979ல அமெரிக்காவுலயே வேற ஆஸ்பத்திரியில கேட்டப்போ 100க்கு 97 பேர் சொல்லுவோம்னு மாறிட்டாங்க. அதுக்காக மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டு எந்திரிச்சு போறதும் நேர்மை இல்ல (அப்படிப்பட்டவங்களையும் பாத்திருக்கேன்). கெட்ட சேதிய டாக்டர் எப்படி சொல்லணும்னு 2000ல வந்த ஸ்பைக்ஸ்னு ஒரு முறை இருக்கு, அதுல விஷயத்தை உடைக்கறதுக்கு முன்னாடியே, எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்கன்னு பேஷன்ட்கிட்டயே கேக்கணும். தாங்குவாரா மாட்டாரான்னு நாம ஏன் ஜோசியம் பாக்கணும்?

கணக்குப்புலி:
நம்பர் சொல்லியும் மறைக்கலாம்ங்க. மாத்திரை போட்டா ஹார்ட் அட்டாக் ரிஸ்க் பாதியா குறையும்னாரு. எவ்வளவுல பாதின்னு கேட்டேன். 100 பேர்ல 2 பேருக்கு வர்றது 1 ஆகுமாம். ரெண்டும் உண்மைதான், ஆனா முதல்ல சொன்னத கேட்டா பயந்துபோய் உடனே முழுங்கியிருப்பேன்.

நிலா88:
நர்ஸக்கா, எவ்வளவு தெரியணும்னு அப்பாகிட்ட யாரு கேக்கணும், நாங்களா?

பழையநர்ஸ்:
டாக்டர்தான்மா. அப்பா சரின்னா நீங்களும் பக்கத்துல உக்காருங்க. ஆனா பதில் அவரு வாயில இருந்து வரணும், நடுவுல நீங்க பேசிடாதீங்க.