சுருட்டை முடிக்கு எந்த ஃபேடு?

களியக்காவிளைப் பக்கம் வீடு. அடுத்த மாசம் அக்கா கல்யாணம். சுருட்டை முடி, பின்தலை நடுவுல ஒரு தழும்பு. ஃபேடுன்னா கீழ குட்டையா, மேல போகப் போக முடி கூடுற மாதிரி வெட்டுறது. பாறசாலை சலூன்ல ஹை ஸ்கின் ஃபேடுதான், அதாவது தோலு தெரிய வழிச்சு காதுக்கு நல்லா மேல வரைக்கும் ஏத்துறதுதான், நல்லாருக்கும்னு நிக்காவ. வெட்டலாமா?

பதில்: வேண்டாம் மக்கா, தழும்பு பளிச்சுனு தெரியும். லோ ஃபேடு கேளு, காதுக்கு மேல ரொம்ப ஏறாது. அடியில மெஷின்ல ஒண்ணாம் நம்பர், அதாவது 3 மில்லிமீட்டர். அதுக்கு மேல ரெண்டு, 6 மில்லிமீட்டர். மிச்சம் கத்திரிதான். சுருட்டைய நனைச்சு இழுத்து வெட்ட விடாத, காஞ்சா சுருண்டு ஏறிரும். போட்டோ மட்டும் காட்டுனா சலூன்காரரு அவரு இஷ்டத்துக்குதான் வெட்டுவாரு.

பதில்: முகூர்த்தத்துக்கு நாலஞ்சு நாள் முன்னாடி வெட்டு. ரெண்டு மூணு வாரத்துல ஃபேடு மங்கிரும். அப்புறம் ஓரம் மட்டும் எடுத்தா போதும்.

கேட்டவர்: சரிண்ணே, லோ ஃபேடுதான். அம்மைட்ட இன்னும் சொல்லல.