அப்பா மோரேயில் இருக்கிறார் போல, எழுதலாமா?

மோல்மேன்பொண்ணு:
வணக்கம். கோயில் பள்ளியில் படித்த தமிழ், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 31 வயது. ரங்கூனில் வேலை, அம்மா மோல்மேனில் வடை சுட்டு விற்கிறார். 1998இல் எனக்கு ஐந்து வயது, தம்பி வயிற்றில். மண்டலேக்குச் சரக்கெடுக்கப் போகிறேன் என்று கிளம்பிய அப்பா திரும்பவில்லை. அடுத்த வருடம் இந்திய எல்லையில் இருக்கும் தமுவிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று. அதோடு சரி.

போன மாதம் ஃபேஸ்புக்கில் (விபிஎன் போட்டுத்தான், 2021இல் ராணுவம் ஃபேஸ்புக்கைத் தடுத்ததிலிருந்து அதுதானே கதி) எல்லைக்கு அந்தப் பக்கம் மணிப்பூரில் இருக்கும் மோரே ஊர்க் கோயில் தீமிதிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் ஓரமாக ஒரு பெரியவர், வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடது முழங்கையைப் பிடித்தபடி நிற்கிறார். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஸ்டூடியோ போட்டோவிலும் அப்பா அப்படித்தான் நிற்கிறார். தம்பியும் அப்படித்தான் நிற்பான், இத்தனைக்கும் அவன் அப்பாவைப் பார்த்ததே கிடையாது. படம் போட்ட பையன் கீழே "எங்க அப்பா" என்று பெயரோடு எழுதியிருக்கிறான். அதே பெயர்.

அம்மா இன்றைக்கும் தாலியும் பொட்டுமாக இருக்கிறார். தம்பி, 2024இல் கட்டாய ராணுவ ஆள்சேர்ப்புச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததும் தாய்லாந்துக்குப் போனவன். போனில் சொன்னேன். "உனக்கு அவர் அப்பா, எனக்கு ஃபாரத்தில் எழுதுற பேரு" என்று வைத்துவிட்டான். அவன் சொல்வதும் நியாயம். இங்கே எந்த ஃபாரத்திலும் தகப்பன் பெயர் இல்லாமல் ஆகாது, அடையாள அட்டையிலேயே இருக்கிறது, எத்தனை தடவை அந்தப் பெயரை எழுதியிருப்பேனோ, எழுதும்போது ஒன்றும் தோன்றாது. படத்துக்குக் கீழே பார்த்தபோதுதான் கை நடுங்கியது. அந்தப் பையனுக்கு மெசேஜ் டைப் செய்து மூன்று தடவை அழித்துவிட்டேன். என்ன செய்யட்டும்?

பெகு_மாமா:
எழுதும்மா. மோரேயில் தமிழாள் எப்படி வந்தார்கள் தெரியுமா? பர்மாவை ஆண்ட ராணுவத் தளபதி நே வின் கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, 1964 மே மாதம் 50, 100 சாட் (பர்மா பணம்) நோட்டும் செல்லாது என்று சொன்ன பிறகு கப்பலேறி மெட்ராஸ் போனவர்களில் கொஞ்சம் பேர், அங்கே பிழைக்க வழியில்லாமல் தரை வழியாகப் பர்மாவுக்கே திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் விடவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்கு வர நினைத்து வழியிலேயே நின்றுபோனவர்கள் ஊர் அது. உன் அப்பாவுக்கு என்ன கஷ்டமோ, யார் கண்டது. அப்போதெல்லாம் சிம் கார்டு வாங்க வீட்டை விற்க வேண்டும்.

தஞ்சாக்கட்டை:
மாமா கோவித்துக்கொள்ளக் கூடாது. 1964இல் விரட்டப்பட்டவர்களையும் 1998இல் பிள்ளைத்தாச்சிப் பெண்டாட்டியை விட்டுப் போனவரையும் ஒரே இலையில் உட்கார வைக்காதீர்கள். போன் இல்லை, சரி, ஒத்துக்கொள்கிறேன். 2014இல் 1500 சாட்டுக்கு சிம் வந்ததே, அதற்கப்புறம்? மோல்மேனில் கோயிலுக்கு ஒரு கடிதம் போட்டால் வடைக்கார அம்மா வீட்டுக்கு வந்து சேராதா?

தங்கச்சி, நானும் என் அப்பாவைத் தேடிப் போனவள்தான். என் 28 வயதில், மலேசியாவில், கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். இரண்டு மணி நேரம் பேசினோம். அதில் ஒன்றரை மணி நேரம் அவருடைய முட்டிவலி. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவே இல்லை. கிளம்பும்போது 200 வெள்ளி கேட்டார், கொடுத்தேன். போனதற்காக வருத்தப்படவில்லை, ஆனால் போகும்போது மன்னிப்புக் கேட்பார் என்று மனசுக்குள் ஒரு நாடகமே போட்டு வைத்திருந்தேன் பார், அதை இறக்கி வைக்க இரண்டு வருடம் ஆனது. நீ அவரிடம் என்ன கேட்கப் போகிறாய் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பார். பதிலே வராவிட்டாலும் தாங்குமா என்று பார். தாங்காது என்றால் இப்போது வேண்டாம்.

வியாசர்பாடி_பர்மாக்காரன்:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். நான் அந்தப் பையன் பக்கம் இருந்தவன். எங்க அப்பா 1964இல் கப்பலில் வந்தவர், இங்கே வந்து அம்மாவைக் கட்டினார், நாங்கள் மூன்று பேர். 2009இல் பர்மாவில் பெகுவிலிருந்து ஒரு கடிதம், அதில் ஓர் அக்கா. அப்பா செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடிதத்தைப் பிரித்தது நான்தான், அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வண்டிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அதே கையோடு. ஒரு வாரம் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னபோது, "தெரியும்டா, அடுப்பைப் பாரு" என்றார். அவ்வளவுதான்.

அக்காவும் நானும் இப்போது பேசிக்கொள்கிறோம். அவருக்குச் சர்க்கரை, அப்பாவுக்கும் அதுதான் என்று நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஆனால் ஒன்று: தயவுசெய்து அந்தப் பையனுக்கு எழுதாதீர்கள். அவன் அப்பா மறைத்ததை அவனிடம் நீங்கள் போய் உடைக்க வேண்டாம். பெரியவருக்கே போக வேண்டும். மோரே சின்ன ஊர், கோயில் கமிட்டியில் யாரையாவது பிடித்து, மகள் என்று சொல்லாமல், "மோல்மேனிலிருந்து ஒரு சொந்தம் விசாரிக்கிறது" என்று நம்பரை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். கூப்பிடுவதும் விடுவதும் அவர் பாடு. அப்புறம், 2023 மே மணிப்பூர்க் கலவரத்தில் மோரேயிலும் வீடுகள் எரிந்தன, ஆள் இப்போது அங்கேதான் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

பெகு_மாமா:
தஞ்சாக்கட்டை சொன்னது உறைத்தது. நான் என் அப்பாவை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். நம்பர் கொடுக்கும் யோசனை நல்லது. அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடும்மா, வேறு யார் வாயிலிருந்தும் அவர் காதுக்குப் போகக் கூடாது.

மோல்மேன்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. தஞ்சாக்கட்டை அக்கா சொன்னபடி எழுதிப் பார்த்தேன். ஏன் போனீர்கள் என்றுதான் கேட்பேன் என்று நினைத்திருந்தேன், ஆனால் தாளில் வந்தது வேறு: தம்பி பிறந்தது உங்களுக்குத் தெரியுமா?

சனிக்கிழமை மோல்மேன் போனேன். அம்மா பருப்பு அரைத்துக்கொண்டிருந்தார், படத்தைக் காட்டினேன். சேலையில் கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இளைச்சிட்டாரு" என்றார். அப்புறம் பக்கத்தில் இருந்த பையனை விரலால் பெரிதாக்கி, இவன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். பொட்டைப் பற்றி நான் கேட்கவில்லை.

கோயில் கமிட்டி ஆள் ஒருவர் கிடைத்தார், நேற்று நம்பரைக் கொடுத்துவிட்டாராம். பெரியவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எந்தச் சொந்தம் என்று கேட்கவே இல்லையாம். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.