பெட்டி போச்சு, கேஸும் போச்சு: ஜெயில்ல இருந்து வந்த ஒரு லெட்டர்

அமெரிக்காவுல கைதிங்க எழுதுற லெட்டருக்கு பதில் போடுற ஒரு வாலன்டியர் குரூப்ல மூணு வருஷம் இருந்தேன். எவ்வளவோ லெட்டர் படிச்சாச்சு, ஒருத்தரோடது மட்டும் மனசை விட்டுப் போகல.

அவருக்கு மணிக்கட்டு உடைஞ்சு கோணலா சேர்ந்திருச்சு, வைத்தியமே பாக்கலன்னு ஏற்கனவே ஒரு கேஸ் போட்டிருந்தார். அது நடந்துட்டு இருக்கும்போதே வேற பிளாக்குக்கு மாத்தி, அவரோட பேப்பர் பெட்டிய வாங்கி வெச்சுக்கிட்டாங்க. டாக்டரைப் பாக்கணும்னு எழுதிக் குடுத்த சீட்டு, வந்த பதில் எல்லாம் அதுக்குள்ளதான். அந்த நேரம் பாத்து எதிர்த்தரப்பு ஆதாரமே இல்ல, விசாரணை இல்லாம முடிச்சு விடுங்கன்னு மனு போட, இவர் கையில துண்டுப் பேப்பர் கூட இல்ல, கெடு தாண்டிருச்சு, கேஸ் காலி.

அப்புறம்தான் கோர்ட்டுக்குப் போற உரிமையையே தடுத்துட்டாங்கன்னு செக்‌ஷன் 1983-ல (அரசாங்க ஆளுங்க உரிமைய மீறினா கேஸ் போட விடுற அமெரிக்கச் சட்டப் பிரிவு) ரெண்டாவது கேஸ். எங்களுக்கு ஒரு காப்பி அனுப்பினார். ஜெராக்ஸ் இல்லங்க, கையாலயே எழுதின காப்பி, ஓரம் வரைக்கும் எழுத்து. ஒரிஜினல்ல எங்கெங்க அடிச்சு எழுதினாரோ காப்பியிலயும் அங்கங்க அடிச்சிருந்தார், ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணுமாம்.

11 பக்கத்துல 8 பக்கம் லா லைப்ரரிய பூட்டியே வெச்சிருக்காங்கன்னு புலம்பல். நியாயமான புலம்பல்தான், ஆனா எடுபடாது. 1977-ல பவுண்ட்ஸ் எதிர் ஸ்மித் கேஸ்ல லைப்ரரியோ சட்டம் தெரிஞ்சவங்க உதவியோ குடுத்தாகணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. 1996-ல லூயிஸ் எதிர் கேசி வந்து, லைப்ரரி சரியில்லன்னா மட்டும் பத்தாது, அதனால உருப்படியான எந்த கேஸ் கைவிட்டுப் போச்சுன்னு காட்டுன்னு இறுக்கிருச்சு. ஜட்ஜ் அதையே சொல்லி தள்ளுபடி பண்ணிட்டு, திருத்திப் போட 30 நாள் குடுத்தார். எங்க குரூப் வக்கீலம்மா பதில் எழுதினாங்க, லைப்ரரிய விடுங்க, பெட்டியில என்னென்ன சீட்டு, என்ன தேதி, அது இருந்திருந்தா என்ன பதில் குடுத்திருப்பீங்க, அத மட்டும் எழுதுங்கன்னு. 4 பக்கம் எழுதினார், கேஸை விசாரணைக்கு எடுத்துக்கிட்டாங்க.

———

உங்க லெட்டர் கதைய படிச்சேன். நான் முன்னாடி அமெரிக்காவுல ஒரு கோர்ட் கிளார்க் ஆபீஸ்ல வேலை பாத்தேன். ஒரு கைதியோட அப்பீல் நோட்டீஸ் கெடு முடிஞ்சு 9 நாள் கழிச்சு வந்துச்சு, போச்சுன்னுதான் நினைச்சோம். ஆனா 1988-ல ஹூஸ்டன் எதிர் லாக் தீர்ப்பு இருக்கே, கைதி அதை ஜெயில் அதிகாரி கையில குடுத்த நாள்தான் தாக்கல் நாள். தபால் ரிஜிஸ்டர்ல தேதி இருந்துச்சு, பொழச்சார். ஆமா, உங்காளு ஜெயிலுக்குள்ளயே புகார் குடுத்து எல்லா கட்டமும் முடிச்சாரா? இல்லன்னா அதை வெச்சே கேஸை தள்ளுபடி பண்ணிருவாங்களே?

———

அதான் அடுத்த கூத்து சிஸ்டர். ஜெயில் புகாரோட ரெண்டாம் கட்ட ஃபாரமே குடுக்கலியாம், மூணு தடவ எழுதிக் கேட்டிருக்கார், தேதியோட குறிச்சு வெச்சதால தப்பிச்சார். கேட்டும் ஃபாரமே கிடைக்கலன்னா அவர் மேல என்ன தப்புன்னு ஜட்ஜே கேட்டுட்டார்.

ஃபீஸ்தான் கொடுமை. ஒரு கேஸுக்கு 350 டாலர், ஜெயில்ல கைதியோட கணக்குல வர்ற பணத்துல மாசம் 20 சதவீதம் பிடிப்பாங்க. ரெண்டு கேஸுன்னா 40, அதுவும் சரிதான்னு 2016-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அவருக்கு மாசம் வர்றதே 30 டாலர். நடக்குற கேஸுக்கு 6, தோத்த கேஸுக்கும் இன்னும் 6 போயிட்டிருக்கு.